நிழல் நட்ட ஞாயிறு

வெள்ளோடை குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன, ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருந்தது, ஒரு ரேஷன் கடை, ஒரு அங்கன்வாடி, மாதா சிலை வைத்த ஒரு குகைக் கெபி, அதற்கு நேரெதிரே ஒரு சுடலைமாடன் பீடம் எல்லாம் இருந்தன, மரம் மட்டும் இல்லை. மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் துறைமுகத்துக்குப் போகிற ரோடு என்று அமைந்துவிட்ட அந்த வெள்ளை நிலத்தில், அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்த நாள் முதல் பதினோரு வருஷமாக, எதை நட்டாலும் நாற்பதாவது நாள் இலை நுனி கருகி, ஐம்பதாவது நாள் குச்சியாகி, அறுபதாவது நாள் அடுப்புக்குப் போனது. நிழல் என்று அந்தச் சனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உச்சிப்பொழுதில் அவரவர் காலடியில் சுருண்டு கிடக்கிற ஒரு முழக் கறுப்புதான்.

சந்தனமாரி அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தாள். முப்பத்து நாலு வயது. புருஷன் இசக்கிராஜ் உப்பு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் கேரளத்திலும் கர்நாடகத்திலும் கிடப்பான்; மகள் மதுஷா இரண்டாம் வகுப்பு. ஒரு சித்திரை மாதம் அங்கன்வாடிக்கு நடந்து வந்த மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே வெயிலில் சுருண்டு விழுந்ததைப் பார்த்ததிலிருந்து சந்தனமாரிக்கு மரக்கிறுக்கு பிடித்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் பசுமைக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தினாள். சனிக்கிழமை தோறும் பாலித்தீன் பொறுக்க ஆள் திரட்டினாள், வீட்டுக்கு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தாள், காய்கறிக் கழிவுக்குக் குழி வெட்டினாள், பிள்ளைகளை உட்காரவைத்து ஐந்நூறு விதைப்பந்து பிடித்து உப்பளக் கரையெல்லாம் எறியச் சொன்னாள். ஐந்நூறில் இரண்டு முளைத்தன, இரண்டும் முள்மரம், அவையும் மறுவாரமே கருகின. சனங்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவள் கூப்பிட்டால் வந்தார்கள், ஏனென்றால் கூப்பிடும்போதே அவள் மோரும் கரைத்துவைத்திருப்பாள்.

வைகாசிக் கடைசியில் சுற்றுச்சூழல் நாள் வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ரெஜினால்டு என்கிற பையன் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு வேன் நிறையப் பூவரசும் புங்கையும் வேம்பும் கொண்டுவந்து இறக்கினான், மொத்தம் தொண்ணூற்றாறு கன்று. இந்தத் தடவை சந்தனமாரி ஏனோதானோ என்று விடவில்லை. ஆற்று வண்டல் இரண்டு டிராக்டர் வரவழைத்துத் தொட்டிப் பக்கத்து இருபத்து நாலு குழிகளை அதனால் நிரப்பியிருந்தாள்; மற்றக் குழிகளுக்கு உரக்குழி மண். கடைசி வரிசை, உப்பள வரப்பை ஒட்டின பதினெட்டுக் குழிக்கு வண்டலும் இல்லை, உரமும் இல்லை, வெட்டின மண்ணையே திரும்பத் தள்ளினார்கள். கன்று ஒன்றுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு தகரச் சீட்டு, சீட்டில் பெயர். போட்டோவுக்காகத் தொட்டியடிக் குழிகளில் இரண்டை சங்கத் தலைவர் பொன்னுலிங்கத்துக்கும் அவளுக்கும் ஒதுக்கினார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் கடைசி வரிசையில் ஒரு கன்று மிச்சம் நின்றது.

“நான் நடுதேம்மா,” என்றாள் மதுஷா.

“நடு, நடு,” என்றாள் சந்தனமாரி, மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பதினோரு மணிக்கு மோர் ஊற்றும்போது, வரிசையில் நின்ற ரோசாலி தன் புருஷன் சூசையின் காலடியைப் பார்த்து, “என்னங்க, உங்க நெழல எங்க விட்டிய?” என்று கேட்டாள். சூசை குனிந்து பார்த்துவிட்டு, “ஒன்னோடதயும் காணுமேட்டி,” என்றார். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். கன்று நட்ட தொண்ணூற்றாறு பேர் காலடியிலும் வெறும் வெள்ளைத் தரைதான் இருந்தது. நிழல்கள் எங்கேயும் போய்விடவில்லை, நட்ட இடத்திலேயே நின்றுவிட்டிருந்தன. சாண் உயரக் குச்சியும் நாலு இலையுமாக நின்ற ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு முழு மனுஷ நிழல், கொண்டை போட்டவளுக்குக் கொண்டையோடு, தொப்பை உள்ளவருக்குத் தொப்பையோடு, நீட்டிப் படுத்துக் கிடந்தது.

அன்றைக்கு யாரும் கூச்சல் போடவில்லை. ரேஷனில் பருப்பு போடவில்லை என்றால் என்ன பேசுவார்களோ அந்த அளவுக்குப் பேசினார்கள். சந்தனமாரி ரெஜினால்டுக்குப் போன் செய்து சொன்னபோது அவன், “நெழலுக்குத்தானக்கா மரம் வேணும்னு கேட்டிய? சீக்கிரமே வந்துட்டுன்னு வச்சிக்கோங்க,” என்றான். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் குடியிருப்பே நினைத்தது. ஏனென்றால் சூசை முதல் ஆளாகப் போய்த் தன் நிழலில் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, “ஏ, வந்து உக்காந்து பாருங்கய்யா, கெணத்துக்குள்ள எறங்கினாப்ல இருக்கு,” என்று கூப்பிட்டார்.

அப்படி ஒரு மாதம் நன்றாகவே போனது. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவரவர் அவரவர் நிழலுக்குப் போனார்கள். புருஷன்மார் நிழலில் பெண்டாட்டிமார் மிளகாய் காயவைத்துவிட்டு, அங்கே வெயில் விழாது என்று தெரிந்து திரும்ப அள்ளினார்கள். நிழல் பெருத்தவர்களுக்கு மரியாதை கூடியது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு அவள் நிழலையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்து, “நல்ல குளுமை, பேசி முடிச்சிருவோம்,” என்றாள். வேலை தேடித் திருப்பூருக்குப் போன குடும்பம் ஒன்று நிழல்களைக் கூட்டிப்போக முடியாமல் பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனது. அங்கேயிருந்து வாரம் ஒரு தடவை வீடியோ காலில் தங்கள் நிழல்களைப் பார்த்துக்கொண்டார்கள். மதுஷாவின் நிழல் இரட்டைச் சடையோடு கடைசி வரிசையில் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் அதன் பக்கத்தில் அதே மாதிரி கையைக் காலை விரித்துப் படுத்துக்கொள்வாள்.

ஆனி பாதி தாண்டிக் காற்று கிளம்பியது. அந்தக் காற்றுக்குச் சூசையின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய், வேறு எத்தனையோ கன்று இருக்க, சூசையின் பூவரசையே வேரோடு பிடுங்கித் தின்றது.

சூசை அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றார். திடீரென்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, “யாருய்யா அது, கண்ணாடிய வச்சி மூஞ்சில அடிக்கது?” என்று கத்தினார். யாரும் அடிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டுக்குள்ளேயும் அவருக்கு வெயில் அடித்தது. சன்னலை அடைத்தார்கள், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்கள், கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தார்கள், அங்கேயும் உச்சிவெயில். கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. மூன்றாம் நாள் நெற்றியில் தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் குடிக்க உப்புக்கரைசலும் கொடுத்து, வெயிலில் அலையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் வெள்ளோடைக்குப் பயம் வந்தது. வந்த பயம் ஒரே பகலில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மறுநாளே குடியிருப்பில் ஒரு ஆடு மிச்சமில்லை, எல்லாம் சொந்தக்காரர்கள் ஊருக்குப் போயின. கன்றைச் சுற்றி முள்வேலி, வேலியைச் சுற்றிப் பழைய சேலை, சேலையைச் சுற்றிக் கயிறு. கெபியில் பூசை வைத்தார்கள், பீடத்தில் பொங்கல் வைத்தார்கள். பந்து விளையாடின பையன்களை ஓட ஓட விரட்டினார்கள். கன்று பக்கமாகத் தும்மினவர்களைக்கூட முறைத்தார்கள். அடுத்தவர் நிழலில் உட்காருவது நின்றது. தன் நிழலில் உட்காருகிறவர்களும் கன்றில் கை கால் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சந்தனமாரி சூசையைப் பார்க்கப் போனாள். அவள் கூப்பிட்டதால்தானே அவர் வந்தார், அவள் கொடுத்த கன்றைத்தானே நட்டார். கதவடைத்து இருட்டாகக் கிடந்த அறையில், தலையில் ஈரத்துண்டோடு, வெட்டவெளியில் நிற்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி,” என்றாள். 

“வா தாயி. ஒன்னத் தப்பு சொல்ல மாட்டேன். என் ஆடு தின்னதுக்கு நீ என்ன செய்வ?”

“வேற யாரு நெழல்லயாவது இருந்து பாத்தியளா?”

“தொண்ணுத்தஞ்சுலயும் இருந்து பாத்துட்டேன். ரோசாலி நெழல்லகூட. எல்லாம் வெட்டவெளிதான். குடை புடிச்சா குடைக்குள்ள வெயிலு. தொட்டிக்குள்ள எறங்கினா தண்ணிக்குள்ள வெயிலு.” ஈரத்துண்டை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு சொன்னார்: “முப்பது வருசம் உப்பு வாரினவன். வெயிலு எனக்குப் புதுசில்ல. ஆனா அப்பம் சாயங்காலம்னு ஒண்ணு இருந்துச்சு.”

அவள் எழுந்தபோது அவர், “கடைசி வரிசையில ஒம்மவ பேரு இருக்குல்லா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“வரப்பு கசியுது. காத்துல உப்புத்தூளும் பறக்கு. ஆவணி தாண்டாது அந்த வரிசை.” அதைச் சொல்லும்போது அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை.

சந்தனமாரி நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தாள். ஓடினால் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள் என்று நடந்தாள். மதுஷாவின் புங்கங்கன்றில் ஒன்பது இலை. ஒன்பதிலும் ஓரத்தில் நூல் கனத்துக்கு மஞ்சள் கட்டியிருந்தது. அடுத்த கன்றிலும், அதற்கடுத்ததிலும். மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கன்றடியில் கிடந்த சின்ன நிழலின் விளிம்பு, வெயிலில் கிடந்து சாயம் போன துணி மாதிரி வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை மதுஷாவைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். “வெயிலடிக்கா?” என்று கேட்பாள். “இல்லயேம்மா,” என்று பிள்ளை சொல்லும். சொன்ன பிறகு சும்மா இருக்காமல், “ஏம்மா கேக்க? எனக்கும் சூசை மாமா மாதிரி வருமா?” என்று கேட்கும். இசக்கிராஜ் மங்களூரிலிருந்து போனில், “பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் கெளம்பிரு,” என்றான். “நெழலு இங்கனல்லா கெடக்கு,” என்றாள் அவள். அவனுக்கு என்ன, கன்று நட்ட அன்றைக்கு லோடு எடுத்துப் போயிருந்தான், காலடியில் நிழலோடு திரிகிறான் என்று ஒரு நிமிஷம் அவன் மேல் ஆத்திரம் வந்தது.

ரெஜினால்டிடமிருந்து ஒரு படிவம் வந்தது. ‘நட்டவை, பிழைத்தவை, பட்டவை’ என்று மூன்று கட்டம். கூடவே போனிலும் பேசினான். “பயப்படாதீங்கக்கா. எழுவது சதவீதம் பொழச்சாலே பெரிய வெற்றி. விருதுக்கே எழுதிப் போடலாம்.” அவள் போனை வைத்துவிட்டு விரலை மடக்கினாள். மீதி முப்பது சதவீதம் என்றால் இருபத்தொன்பது பேர். அவளால் இருபத்தொன்பது பேர் முகத்தையும் பார்க்க முடிந்தது. படிவத்தைப் பிள்ளைகளின் எடைக்குறிப்பு நோட்டுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

ஆடி முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அங்கன்வாடியில் கூட்டம் போட்டாள். கடைசி வரிசைக் குடும்பங்கள் பதினெட்டும் வந்தன, தொட்டியடிக்காரர்கள் இருபத்து நாலு பேரும் வந்தார்கள். சூசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கதவோரம் நின்றார்.

“கடைசி வரிசையப் பேத்து வண்டல் குழிக்கு மாத்தணும்,” என்றாள் சந்தனமாரி. “வேற மண்ணு கெடையாது. உரக்குழி மண்ணு ஒரு கன்னுக்கே காணாது. புதுசா அடிச்ச வண்டல் மழைக்கு முன்னால உப்பு பூத்துரும்னு சூசை அண்ணாச்சி சொல்லுதாவ. அதனால ஒரு குழியில ரெண்டு கன்னு.”

தொட்டியடிக்காரர்கள் சூசையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். 

பொன்னுலிங்கம் எழுந்தார். முன்பு ரேஷன் கடையில் எடை போட்டவர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். “மாரி, தப்பா நெனைக்காத. ரெண்டு வேரு ஒரு குழியில இருந்தா ஒண்ண ஒண்ணு திங்கும். ரெண்டும் போச்சுன்னா?”

“போகலாம். போகாமயும் இருக்கலாம்.”

“எனக்கு அறுபத்தேழு வயசாவுது. இன்னும் எத்தன வருசமோ. அத்தன வருசமும் அப்படி…” அவர் சூசையின் பக்கம் கையைக் காட்டிவிட்டு, காட்டியதற்கு வெட்கப்பட்டுக் கையை இறக்கினார். “எனக்குப் பயமா இருக்கும்மா. நான் தர மாட்டேன்.”

“எனக்கும்தான் பயமா இருக்கு,” என்றாள் சந்தனமாரி.  “நீங்கல்லாம் நான் கூப்பிட்டதுக்குத்தான வந்திய. என் குழியில மொதல்ல வைங்க. என் பிள்ளைக்காகத்தான் செய்யுதேன்னு சொல்லுவிய. ஆமா, அதுக்குத்தான். ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்ய மாட்டியளா?”

கடைசி வரிசையில் அவரவர் பிள்ளை இல்லாதவர்கள்தான் தொட்டியடிக்காரர்களில் பாதிப் பேர். அதனால் அந்தப் பேச்சு அவள் நினைத்த அளவுக்கு எடுபடவில்லை. ஆனால் கதவோரத்திலிருந்து சூசை, “என் குழி வெறுசாத்தான கெடக்கு, வண்டல் குழி, அதுல ஒண்ண வைங்க,” என்றார். அப்புறம் ரோசாலி எழுந்து, “என்னோடதுலயும் வைங்க,” என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருவராக, தரையைப் பார்த்துக்கொண்டே, பதினான்கு பேர் கை தூக்கினார்கள்.  மிச்சமிருந்த ஒரே கன்றுக்கு, குடியிருப்பில் கிடைத்த ஒரே பழைய டிரம்மில் வண்டல் அள்ளிப் போடுவது என்று ஆயிற்று.

தோண்டுவதற்கு ஆள் வந்தபோதுதான் அந்தச் சங்கடம் தெரிந்தது. மம்பட்டியை எடுத்தவன் எவனுக்கும் கை நிற்கவில்லை. பக்கத்தில் கிடக்கிற நிழலைப் பார்த்ததும் மம்பட்டி ஆடியது. கடைசியில் சூசைதான் வந்து வாங்கிக்கொண்டார்.

“இங்கன குடுங்க. பயப்பட எங்கிட்ட இனி ஒண்ணுமில்ல.”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆனால் கை ஆடாமல், அவர் மதுஷாவின் புங்கங்கன்றைச் சுற்றி வட்டமாக வெட்டி, மண்கட்டியோடு அப்படியே பெயர்த்துச் சாக்கில் ஏந்தினார். நிழல் அறுந்துவிடவில்லை. இரட்டைச் சடை போட்ட அந்தச் சின்ன நிழல் தரையில் இழுபட்டபடி அவர் பின்னாலேயே போனது. மதுஷா அம்மாவின் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “கூசுதும்மா, கூசுது, வலிக்கல, கூசுது,” என்று அழுதாள். வழிநெடுக சனங்கள் கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டார்கள்.

தொட்டியடியில் சந்தனமாரியின் பூவரசுக்கு ஒரு சாண் தள்ளி அதை இறக்கினார்கள். அவளுடைய வேர் ஒன்று மம்பட்டியில் அகப்பட்டு நறுக்கென்றது. அவளுக்கு முதுகுத்தண்டில் ஒரு சூடு இறங்கி மறைந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு காத்திருப்பு. அது ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க நடந்தது. தொட்டியடியில் குழிக்கு இரண்டு நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது யாருடையது என்று தெரியாமல் கிடந்தன. ரோசாலியின் வேம்போடு சேர்த்து நட்ட கன்று பட்டுப்போனது; அதற்குரிய ஆள், உப்பளத்தில் வேலை செய்கிற இருபத்தேழு வயதுப் பெண், ஒரு நாள் பாத்திக்கு நடுவில் நின்று கண்ணைப் பொத்தினாள். வேறு ஒரு குழியில் இரண்டும் போயின. ஆறேழு குழிகளில் இரண்டும் துளிர்த்தன, மற்றவை வாடியும் வாடாமலும் நின்றன. பொன்னுலிங்கத்தின் மரம் ஒற்றையாக, ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அவர் நாள் முழுக்க அதனடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்தோ என்னவோ, அவர் கண் அசருவதையே யாரும் பார்க்கவில்லை.

சந்தனமாரி காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் குழிக்குப் போவாள். புங்கையில் பத்து இலை, பூவரசில் இருபது. புங்கையில் பதினாலு, பூவரசில் பதினேழு. புரட்டாசியில் ஒரு காலை புங்கையில் தளதளவென்று புதுக்கொழுந்து விட்டிருந்தது. பூவரசில் மூன்று இலை பழுத்துக் கீழே கிடந்தன. அவள் குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் கொழுந்தைத் தடவினாள். தடவின விரல்கள் கொழுந்தின் காம்பை இறுக்கிப் பிடித்ததை அவள் ஒரு கணம் கழித்துத்தான் பார்த்தாள். ஒரு சுண்டு சுண்டினால் போதும். இரண்டு நாள் வண்டலும் தண்ணீரும் தன்னுடையதற்கு வரும். அவள் கையைத் திரும்ப எடுத்து, யாரோ ஒருத்தியின் கையைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் வெயிலுக்குப் பயந்துகொண்டிருந்தவள் அன்று முழுக்கத் தன் கைக்குப் பயந்தாள். மறுநாளிலிருந்து குழிக்குத் தனியாகப் போகவில்லை, மதுஷாவைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். தண்ணீரையும் பிள்ளைதான் ஊற்றினாள். “எங்கம்மா மரத்துக்கு ரெண்டு செம்பு, எனக்கு ஒரு செம்பு,” என்று பிள்ளை எண்ணி ஊற்றும். “மாத்தி ஊத்து,” என்பாள் சந்தனமாரி. பிள்ளை கேட்காது.

ஐப்பசி நாலாம் தேதி, அங்கன்வாடியில் உளுந்து கழுவிக்கொண்டிருந்தபோது, யாரோ கூரையைத் தூக்கி எடுத்துவிட்ட மாதிரி அவள் தலையில் வெயில் இறங்கியது.

அவள் கத்தவில்லை. உளுந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வந்து, தொட்டியடிக்கு ஓடினாள். மூன்று மாதமாக நடந்தே போனவள் அன்றைக்கு எல்லோரும் பார்க்க ஓடினாள். பூவரசு குச்சியாக நின்றது, கடைசி இலை அடியில் கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் புங்கை நின்றது. புங்கையின் அடியில் இரட்டைச் சடையோடு ஒரே ஒரு நிழல், விளிம்பு வெளுக்காமல், மை மாதிரிக் கறுப்பாக இருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சுடுகிற தலையை அந்த நிழலுக்குள் வைத்துப் பார்த்தாள். வெட்டவெளிதான். அது வெட்டவெளியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் தலையை எடுக்கவில்லை.

மறுநாள் மழை வந்தது. கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, ஒரு முழுப் பகல் நிற்காமல் கொட்டி, பாத்திகளை நிறைத்து, கட்டி நின்ற உப்பைக் கரைத்து ஓடைக்கு இழுத்துப் போயிற்று. இனி கன்றுகள் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளோடை முழுக்கத் தெருவுக்கு வந்தது. நனைந்தார்கள், கத்தினார்கள், மூன்று மாதமாக வேலிக்கு உள்ளே கிடந்த நிழல்களுக்கு நடுவே பிள்ளைகள் சேற்றில் சறுக்கி விளையாடினார்கள். பொன்னுலிங்கம்கூட நாற்காலியை விட்டு எழுந்து மழைக்குக் கையை நீட்டினார். பிறகு சந்தனமாரி வருவதைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

அவள் ஈரச் சேலையோடு தெரு நடுவில் நின்றாள். மழை அவள் மேல் கொட்டியது. முடியிலிருந்து, முழங்கையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அந்தத் தண்ணீருக்குள்ளேயே, ஒவ்வொரு துளிக்குள்ளேயும், சித்திரை மாதத்து உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. எதிர்ச்சாரியில் சூசையும் அதே மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். உப்பளத்தில் வேலை செய்கிற அந்தப் பெண்ணும், கன்று இரண்டும் போன குழிக்காரர்கள் இருவரும் நின்றார்கள். மழையில் ஆடுகிற சனங்கள் அந்த ஐந்து பேரையும் முட்டாமல் விலகி விலகி ஆடினார்கள்.

மதுஷா சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

“அம்மா, ஒனக்கு வெயிலடிக்கா?”

சந்தனமாரி பதில் சொல்வதற்குள் பிள்ளை பக்கத்து வீட்டு நடைப்படியில் ஏறி நின்று, எட்டிக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அம்மாவின் கண்ணுக்கு மேலே கூரை மாதிரி பிடித்தாள். கை ஆடாமல் இருக்க முழங்கையை அம்மாவின் தோளில் ஊன்றிக்கொண்டாள். அந்தக் கைக்கு நிழல் கிடையாது. வெயில் அந்தச் சின்ன விரல்களைத் துளைத்துக்கொண்டு முன்னைப் போலவே இறங்கியது.

“இப்பம்?” என்றாள் மதுஷா.

எதிர்ச்சாரியிலிருந்து சூசை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும்.

சந்தனமாரி எரிகிற கண்களை முழுக்கத் திறந்து மகளைப் பார்த்தாள்.

“இப்பம் இல்லட்டி,” என்றாள். “கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கோ. நல்லா குளுந்து கெடக்கு.”